திரைக்கு முன்னால் வியர்ப்பது உடற்பயிற்சியாகுமா?

வீடியோ கேம் என்ற பேச்சு எடுத்தால் நம் பகுதிப் பெற்றோருக்குக் கண்ணில் வருவது ஒரே காட்சிதான். மகன் சுவரில் சாய்ந்து குந்தியிருக்கிறான், கையில் போன், அசைவதெல்லாம் இரண்டு பெருவிரல்கள். பப்ஜி, ஃப்ரீ பயர் என்று விளையாட்டின் பெயர் மாறும், அவன் இருக்கும் இருப்பு மாறாது. ஆனால் அதே பெயரின் கீழ் வேறொரு வகையும் உண்டு. எழுந்து நின்று, கையை வீசி, காலைத் தூக்கி, குனிந்து நிமிர்ந்தால்தான் அதில் ஆட்டம் நகரும். சும்மா குந்தியிருந்தால் தோல்விதான். இதை உடலசைவு வீடியோ விளையாட்டு என்று சொல்லலாம்.

கற்பிட்டியிலிருந்து புத்தளம் வரையான இந்தக் கரையோரத்தில் பல வருஷம் உடற்கல்வி படிப்பித்தவள் என்பதால் என்னிடம் இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. கேட்பவர்களில் அதிகம் பேர் இளம் பெண்கள். "டீச்சர், இத விளையாடினா எக்ஸர்சைஸ் செஞ்ச மாதிரி ஆகுமா, இல்லாட்டி சும்மா நேரம் போக்குறதா?"

நேரடியாகச் சொல்வதென்றால், இவற்றில் சில உடற்பயிற்சியாகும், பல ஆகாது. எது ஆகும், யாருக்கு ஆகும், எத்தனை நாளைக்கு ஆகும் என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் விளங்கப்படுத்தப் பார்க்கிறேன். முடிவில் நம் ஊர்ச் சபைகளிடம் கேட்க வேண்டிய ஒன்றும் இருக்கிறது.

எங்கிருந்து வந்தது, எப்படி வேலை செய்கிறது

1998இல் ஜப்பானின் கொனாமி நிறுவனம் 'டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன்' என்ற விளையாட்டைக் கொண்டுவந்தது. தரையில் நான்கு திசைக்கும் அம்புக்குறி போட்ட ஒரு மேடை. திரையில் எந்த அம்பு ஏறி வருகிறதோ அதைத் தாளத்துக்குச் சரியாகக் காலால் மிதிக்க வேண்டும். 2006இல் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலம் இதைத் தன் அரச பாடசாலைகள் 765இலும் உடற்கல்விக்காக வைக்கப் போவதாக அறிவித்தது.

அதே 2006இன் கடைசியில் நின்டெண்டோ நிறுவனத்தின் 'வீ' வந்தது. கையில் பிடிக்கும் சிறு கட்டைக்குள் அசைவை உணரும் கருவி இருந்ததால், கையை வீசினால் திரையில் டெனிஸ் மட்டை வீசும். உலகமெங்கும் 10 கோடிக்கும் அதிகமான வீ பெட்டிகள் விற்றன. 2010இல் மைக்ரோசொஃப்ட் 'கினெக்ட்' என்ற கருவியை விட்டது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரை அறைக்குள் பாய்ச்சி, ஆளின் உடம்பு நிற்கும் தூரத்தையும் வடிவத்தையும் அது படித்துக்கொள்ளும். கையில் ஒன்றும் பிடிக்கத் தேவையில்லை. 2017இல் அதன் உற்பத்தி நின்றது. 2019இல் நின்டெண்டோ 'ரிங் ஃபிட் அட்வென்ச்சர்' என்ற விளையாட்டை வெளியிட்டது. அதில் ஒரு வளையத்தை அழுத்தவும் இழுக்கவும் வேண்டும், தொடையில் ஒரு பட்டி கட்டி நின்ற இடத்தில் ஓடவும் வேண்டும். இப்போது தலையில் மாட்டும் பெட்டிக் கண்ணாடி வரைக்கும் போய்விட்டது.

இந்தக் கருவிகள் எதை உணர்கின்றன என்று தெரிந்துகொள்வது முக்கியம். ஏமாற்ற முடிவது எங்கே என்று அதில்தான் விளங்கும். கையில் பிடிக்கும் கட்டைக்குக் கை வேகமாக அசைந்ததா என்பதுதான் தெரியும். தோளிலிருந்து வீசினீர்களா, மணிக்கட்டை மட்டும் சுண்டினீர்களா என்று அதற்குச் சரியாகப் பிடிபடாது. இதை இளம் ஆட்கள் கெதியாகவே கண்டுபிடித்துவிடுகிறார்கள். முதல் நாள் முழு உடம்பும் ஆடும். பத்தாம் நாள் கதிரையில் இருந்தபடி மணிக்கட்டு மட்டும் சுண்டும். புள்ளி ஒன்றும் குறையாது, வியர்வைதான் இருக்காது. காலால் மிதிக்கும் மேடையில் இந்த விளையாட்டு நடக்காது, முழு உடம்பையும் தூக்கித்தான் வைக்க வேண்டும். ஆகவே முதல் விதி இது: கையை மட்டும் கேட்கும் விளையாட்டை விட, காலைக் கேட்கும் விளையாட்டு நல்லது.

அளப்பது எப்படி

உடம்பு எவ்வளவு வேலை செய்கிறது என்பதை அளக்க ஆராய்ச்சியாளர்கள் 'மெட்' என்ற அலகைப் பயன்படுத்துகிறார்கள். அசையாமல் அமர்ந்திருக்கும்போது உடம்பு செலவழிக்கும் சக்தி ஒரு மெட். மூன்று மெட்டுக்குக் குறைந்தால் இலேசான அசைவு. மூன்றிலிருந்து ஆறுக்குள் மிதமான பயிற்சி. ஆறும் அதற்கு மேலும் கடும் பயிற்சி.

2011இல் திருத்தி வெளியிடப்பட்ட சர்வதேச அட்டவணை ஒன்றில் நூற்றுக்கணக்கான வேலைகளுக்கு மெட் அளவு போட்டிருக்கிறார்கள். அதிலிருந்து நமக்கு வேண்டியதை மட்டும் எடுத்து வரிசைப்படுத்துகிறேன். உடலசைவு விளையாட்டுகளில் யோகாசனம், சமநிலை போன்ற இலேசானவை 2.3. வீடு கூட்டுவது 3.3. ஏரோபிக், தசைப் பயிற்சி வகை வீடியோ விளையாட்டு 3.8. மணிக்கு ஐந்தரைக் கிலோமீற்றர் அளவில் விரைவாக நடப்பது 4.3. சும்மா சிநேகிதர்களோடு உதைபந்து ஆடுவது 7. மேடையை மிதித்து ஆடும் நடன விளையாட்டைக் கடுமையாக ஆடினால் 7.2. ஸ்கிப்பிங் கயிறை மெதுவாக அடித்தால்கூட 8.8.

இந்த வரிசையை ஒரு பழைய மாணவியிடம் வாசித்துக் காட்டினேன். வீடு கூட்டுவது வந்த இடத்தில் தலையில் கை வைத்துக்கொண்டாள். "அப்ப உம்மா செல்றது மெய்தான். நான் வீட்டுக்குள்ள அங்கிட்டும் இங்கிட்டும் நடந்தா, சும்மா நடக்காம தும்புத்தடிய எடுத்துக் கூட்டுண்டு ஏசுவா." உம்மா சொன்னதில் பாதி சரி. கூட்டுவது மிதமான அசைவுதான். ஆனால் நம் வீடுகளின் அளவுக்கு அது பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும். நெஞ்சு படபடக்கும் அளவுக்கு உயராது, நாளுக்கு நாள் கூடவும் கூடாது.

ஆய்வுகள் சொல்வதும் இந்த வரிசைக்கு ஒத்துத்தான் வருகிறது. ஜப்பானிய ஆய்வாளர்கள் 12 பெரியவர்களை அளவீட்டு அறை ஒன்றுக்குள் விட்டு, வீ கருவியின் இரண்டு தொகுப்புகளில் இருந்த 68 பயிற்சிகளையும் செய்ய வைத்தார்கள். 2010இல் வெளிவந்த முடிவு: மூன்றில் இரண்டு பங்கு பயிற்சிகள் இலேசானவை, மூன்றில் ஒரு பங்கு மிதமானவை, கடும் பயிற்சி என்று சொல்லத்தக்கது ஒன்றுகூட இல்லை. அதற்கு மூன்று வருஷம் முன்பு இங்கிலாந்தின் லிவர்பூலில் 13 முதல் 15 வயதுப் பிள்ளைகளை வைத்துப் பார்த்தார்கள். குந்தியிருந்து ஆடும் விளையாட்டை விட வீ விளையாட்டில் சக்தி கணிசமாக அதிகம் செலவானது. ஆனால் நிஜமான டெனிஸ், நிஜமான குத்துச்சண்டைக்குக் கிட்டவும் வரவில்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். ஒரு மெட் என்பது கிட்டத்தட்ட ஒரு கிலோ எடைக்கு ஒரு மணி நேரத்தில் ஒரு கலோரி. 60 கிலோ எடையுள்ள ஒருவர் 3.8 மெட் விளையாட்டை அரை மணி நேரம் ஆடினால் 114 கலோரி. சும்மா இருந்தாலே 30 செலவாகியிருக்கும். ஆக மேலதிகமாகப் போனது 84. ஒரு தேக்கரண்டி சீனி சுமார் 4 கிராம்; கிராமுக்கு 4 கலோரி. அந்த 84 கலோரியும் ஐந்து தேக்கரண்டிச் சீனிக்குச் சமம். நம் வீட்டு வழக்கப்படி இனிப்பாக ஊற்றிய இரண்டு பிளேன்டீயில் அது திரும்பி வந்துவிடும். உடம்பு மெலிவதற்கென்று இதை வாங்குகிறவர்கள் ஏமாந்து போவது இதனால்தான். உடற்பயிற்சியின் பெரிய பயன் எடையில் அல்ல. இருதயத்திலும், இரத்தத்தில் சீனியின் அளவிலும், நித்திரையிலும், மனசிலும் இருக்கிறது. எடைத் தராசை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவர் அந்தப் பயன் வரும் முன்பே விட்டுவிடுவார்.

கருவி ஒன்றும் இல்லாமல் கடுமையை அறிய ஒரு வழி உண்டு. ஆடிக்கொண்டே பேசிப் பாருங்கள். பேச்சு தங்குதடையின்றி வந்தால் அது இலேசு. பேச ஏலும், ஆனால் பைத் பாடச் சொன்னால் மூச்சு விடாது என்றால் மிதம். நாலு சொல்லுக்கு ஒரு தரம் நிறுத்தி மூச்சு வாங்கினால் கடுமை.

எவ்வளவு தேவை

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, 18 முதல் 64 வயதுக்குட்பட்டோர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிஷம் மிதமான பயிற்சியோ, 75 முதல் 150 நிமிஷம் கடும் பயிற்சியோ செய்ய வேண்டும். அதோடு வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளுக்குப் பலம் சேர்க்கும் பயிற்சி. குறைந்தபட்சம் என்று எடுத்தாலும் நாளுக்கு அரை மணி நேரம் வீதம் ஐந்து நாள்.

இந்த அளவை உலகப் பெரியவர்களில் 31 வீதமானோர் எட்டுவதில்லை என்று அதே நிறுவனம் 2024இல் சொன்னது. அது 2022ஆம் ஆண்டின் கணக்கு. தெற்காசியாவில் அந்த விகிதம் 45 வீதம். உலக அளவில் ஆண்களில் 29, பெண்களில் 34. நம் நாட்டில் 2005-06இல் நடந்த தேசிய ஆய்வு, 20 வயதுக்கு மேற்பட்டவர்களில் 10.3 வீதமானோருக்கு நீரிழிவு என்று கண்டது. சீனி வருத்தம் இல்லாத குடும்பம் ஒன்றை நம் ஊர்களில் தேடித்தான் பிடிக்க வேண்டும். உம்மாவுக்கும் மாமிக்கும் நாற்பதில் வந்தது, மகளுக்கு முப்பதில் வராமல் இருக்க வேண்டும் என்றால், அதற்கான காலம் இருபதுகள்தான்.

எத்தனை நாள் நிலைக்கும்

கருவியைப் பற்றிய விளம்பரம் சொல்லாத விஷயம் இது. 2016 ஜூலையில் 'போக்கிமோன் கோ' வந்தது நினைவிருக்கும். போனை ஏந்திக்கொண்டு தெருத் தெருவாக நடந்தால்தான் அதில் ஆட்டம். ஹார்வர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அமெரிக்காவில் 18 முதல் 35 வயதுக்குட்பட்ட 1,182 பேரின் போன்களில் பதிவான காலடிகளை எடுத்துப் பார்த்தார்கள். விளையாட்டைப் போட்டுக்கொண்ட 560 பேர் முதல் வாரத்தில் நாளுக்குச் சராசரியாக 955 காலடி அதிகம் நடந்தார்கள். கிட்டத்தட்டப் பத்து நிமிஷ நடை. பிறகு வாரத்துக்கு வாரம் இறங்கி, ஆறாவது வாரத்தில் பழைய நிலைக்கே வந்துவிட்டார்கள்.

அமெரிக்காவின் ஹியூஸ்டனில் 9 முதல் 12 வயதுப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வு இன்னும் யோசிக்க வைக்கிறது. எல்லோருக்கும் வீ கருவி கொடுத்தார்கள். ஒரு சாராருக்கு உடலசைவு விளையாட்டு, மறு சாராருக்குக் குந்தியிருந்து ஆடும் விளையாட்டு. இடுப்பில் அளவுகருவி கட்டி 13 வாரம் பார்த்தார்கள். 2012இல் வெளிவந்த முடிவின்படி, இரு சாராரின் மொத்த உடலசைவிலும் வித்தியாசம் ஒன்றும் இல்லை. பெரியவர் யாரும் சொல்லிக் கொடுக்காமல், நேரம் வைத்து நடத்தாமல், கருவியை வீட்டில் வைத்துவிட்டு வந்ததன் பலன் அது. ஒன்றில் விளையாட்டை மெதுவாக ஆடியிருப்பார்கள், அல்லது அதை ஆடிய களைப்பில் மற்ற நேரம் குறைவாக ஓடியிருப்பார்கள்.

புதுசு என்ற ஆசை ஒரு மாதம் ஒன்றரை மாதத்துக்குத்தான் தள்ளும். அதற்குப் பிறகும் ஒருவரை எழுப்பி நிறுத்த வேறு ஏதாவது வேண்டும். அது என்ன என்பதை நான் புத்தகத்தில் அல்ல, ஆலங்குடாப் பக்கம் ஒரு வீட்டில்தான் கண்டேன்.

நம் கரையில் யாருக்கு எது இல்லை

அந்த வீட்டைப் பற்றிச் சொல்ல முன், நம் இடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இந்தத் தீபகற்பத்தில் முன்பு உடற்பயிற்சி என்று தனியாக ஒன்று தேவைப்படவில்லை. கரைவலை இழுத்தவனுக்கும், தோட்டத்துக்குத் தண்ணீர் அள்ளி ஊற்றியவனுக்கும், உப்பளத்தில் நின்றவனுக்கும் நாள் முழுக்கப் பயிற்சிதான். இப்போது தோட்டத்தில் மோட்டார் தண்ணீர் இறைக்கிறது, படகில் எஞ்சின் ஓடுகிறது, பாலாவிச் சந்திக்குப் போக முச்சக்கரவண்டி நிற்கிறது.

இளைஞர்களுக்கு இன்னும் வழி இருக்கிறது. அஸருக்குப் பிறகு கடற்கரை மணலில் உதைபந்து ஆடலாம். புத்தளத்தில் உதைபந்து என்றால் ஊரே கூடும். சோளகக் காற்று வீசும் மாதங்களில் வெளிநாட்டுக்காரர்கள் காற்றாடிப் பலகையோடு கற்பிட்டிக் கடலுக்கு வந்துவிடுகிறார்கள். அதே கடல் நம் பொடியன்களுக்கு வாசலில் கிடக்கிறது. அப்படி இருக்கிறவனுக்கு ஒரு பெட்டியை வாங்கிக் கொடுத்து, வரவேற்பறையில் நின்று 3.8 மெட் ஆடச் சொல்வது, 7 மெட்டைக் கொடுத்து 3.8ஐ வாங்குவது. அவனுக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: போனை வைத்துவிட்டுப் பந்தை எடு.

இளம் பெண்ணின் கதை வேறு. உயர்தரப் பரீட்சை முடியும் வரை பாடசாலை மைதானமாவது இருந்தது. முடிந்த மறுநாளிலிருந்து அதுவும் இல்லை. "எங்க டீச்சர் நடக்குற? ரோட்டுல எறங்கினா, எங்க போறண்டு நாலு பேர் கேப்பாங்க. சும்மா நடக்குறேண்டு செல்ல ஏலுமா?" என்று ஒருத்தி கேட்டாள். காலையில் பிள்ளைகளை அனுப்பும் வேலை, மதியம் நெருப்பு வெயில், பின்னேரம் மைதானமும் கடற்கரையும் ஆண்கள் பக்கம், மஃரிபுக்குப் பிறகு இருட்டு. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு வந்த நம் மக்கள் குடியேறிய பகுதிகளில் காணித் துண்டுகளும் சிறியவை. ஒரு வேலிக்கும் அடுத்த வேலிக்கும் இடையில் கயிறடிக்கக்கூட மறைவில்லாத வீடுகள் இருக்கின்றன. இருபத்திரண்டு வயதில் கைக்குழந்தையோடு இருப்பவளுக்கு வாசலைத் தாண்டுவதே ஒரு ஏற்பாடு.

இவளுக்கு உடலசைவு விளையாட்டு என்பது மைதானத்துக்குப் பதிலானதல்ல, ஒன்றுமே இல்லாததற்குப் பதிலானது. 7ஐக் கொடுத்து 3.8ஐ வாங்குவதல்ல, ஒன்றைக் கொடுத்து 3.8ஐ வாங்குவது. ஆய்வுகளில் அற்பமாகத் தெரியும் அதே கருவி இங்கே பெரிதாகிவிடுகிறது. அதனால்தான் இதை யாருக்கு என்று கேட்காமல் நல்லதா கெட்டதா என்று மட்டும் கேட்பதில் பயனில்லை.

ஆலங்குடா வீடு

மூத்த நானா வளைகுடாவிலிருந்து லீவில் வந்தபோது பழைய கருவி ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். மூன்று சகோதரிகள், சாச்சியின் மகள் ஒருத்தி, எல்லோரும் இருபதுகளில். அஸருக்குப் பிறகு திரைச்சீலையை இழுத்துவிட்டு, கதிரைகளை ஒரு பக்கம் தள்ளிவிட்டு ஆடினார்கள். நான் போயிருந்த நாளில் ஆட்டத்துக்கு நடுவில் நாடி எண்ணச் சொன்னேன். பந்துருட்டும் விளையாட்டில் நாடி அசையவேயில்லை என்று சொல்லலாம். குத்துச்சண்டையில் மூன்றாவது சுற்றில் ஒருத்தியாலும் தொடர்ந்து பேச முடியவில்லை. சிரித்துச் சிரித்தே மூச்சு வாங்கினார்கள்.

சில மாதம் கழித்துப் போனபோது கருவியில் தூசி படிந்திருந்தது. ஆய்வுகள் சொன்னது போலத்தான். ஆனால் நால்வரும் ஆட்டத்தை விட்டிருக்கவில்லை. சுவரில் ஒரு கலண்டர் தாள். அதன் பின்பக்கத்தில் நாலு பேரின் பெயர், நாள்வாரியாகக் கோடு. கருவியின் குத்துச்சண்டையில் பழகிய அசைவுகளை இப்போது டீவி இல்லாமலே செய்கிறார்கள். இடையில் இரண்டு பேர் மாறி மாறி ஸ்கிப்பிங். "கரண்ட் போனா விளையாட ஏலாது டீச்சர். கயித்துக்கு என்ன?" என்றாள் மூத்தவள். அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் நின்ற காலத்தை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். 900 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் நம் நுரைச்சோலையில்தான் நிற்கிறது. அது பக்கத்தில் இருப்பதால் நம் வீட்டு விளக்கு அணையாமல் இருக்கவில்லை.

அங்கே நின்று பிடித்தது எது என்று பார்த்தேன். கருவி அல்ல. மறைவான ஓர் அறை, கூட ஆட ஒருத்தி, கண்ணுக்கு முன்னால் ஒரு கணக்கு. வீடியோ விளையாட்டு இந்த மூன்றையும் ஒரே பெட்டிக்குள் போட்டு விற்கிறது. பெட்டி இல்லாமலும் இந்த மூன்றையும் ஏற்பாடு செய்யலாம் என்பதைத்தான் அந்த நாலு பிள்ளைகளும் தாங்களாகவே கண்டுபிடித்திருந்தார்கள். தாளத்துக்கு அடித்து, வேகம் கூடக் கூட ஆடுவது நமக்குப் புதிதுமல்ல. கிழக்கில் நம் முஸ்லிம் ஊர்களில் ஆடப்படும் பொல்லடியில் இருப்பதும் இதே தாளமும் வேகமும் கூட்டும்தான்.

வீட்டில் தொடங்க நினைப்பவர்களுக்கு

கருவி ஏற்கெனவே வீட்டில் இருந்தால் பயன்படுத்துங்கள். இல்லையென்றால் இதற்கென்று கடன்பட வேண்டாம். போனைத் தட்டில் நிறுத்திவைத்து அதில் வரும் பயிற்சிக் காணொளியைப் பார்த்துச் செய்தாலும் அசைவு அதேதான்.

முழங்கால் உயர்த்துதல், நின்ற இடத்தில் ஓட்டம், குத்துச்சண்டை போன்றவற்றைத் தெரிவுசெய்யுங்கள். உட்கார்ந்து கையை வீசும் விளையாட்டைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். இசையும் நடனமும் வேண்டாம் என்று நினைக்கும் குடும்பங்கள் உண்டு. குத்துச்சண்டையிலும் ஓட்டத்திலும் நடனமே இல்லை. ஒலியை அணைத்துவிட்டும் ஆடலாம். பெண்கள் ஓடியாடுவதே பொருந்தாது என்று யாரும் சொன்னால், நபி (ஸல்) அவர்கள் ஆயிஷா (ரழி) அவர்களோடு ஓட்டப்போட்டி ஓடிய செய்தியை நினைவூட்டுவது போதும்.

முதல் வாரம் நாளுக்குப் பத்து நிமிஷம். இரண்டு வாரத்துக்கு ஒரு தரம் ஐந்து நிமிஷம் கூட்டுங்கள். அரை மணி நேரத்துக்கு வந்த பிறகு நேரத்தை விட்டுவிட்டு வேகத்தைக் கூட்டுங்கள். வாரத்தில் இரண்டு நாள் கதிரையில் அமர்ந்து எழும்புவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது என்று தசைக்கு வேலை கொடுங்கள். நோன்பு மாதத்தில் நோன்பு திறந்து ஒரு மணி நேரம் போன பிறகு இலேசாகச் செய்தால் போதும்.

சீமெந்துத் தரையில் துள்ளுவது முழங்காலுக்கு நல்லதல்ல. கீழே தடித்த பாய் விரியுங்கள், அது வழுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். நீண்ட உடுப்பு காலில் தட்டும். கையில் பிடிக்கும் கருவிக்குப் பட்டி இருந்தால் மணிக்கட்டில் மாட்டுங்கள். சின்னப் பிள்ளைகள் கை வீசும் தூரத்தில் நிற்கக் கூடாது. தலையில் கண்ணாடி மாட்டி ஆடுபவருக்குச் சுவரும் கதவும் தெரியாது. நெஞ்சு நோ, தலைச்சுற்று, இழுப்பு உள்ளவர்களும், கர்ப்பிணிகளும், சீனிக்கு மருந்து எடுப்பவர்களும் வைத்தியரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

சபைகளிடம் ஒரு கேள்வி

எனக்கு இதில் ஒரு பயமும் இருக்கிறது. வீட்டுக்குள்ளேயே ஆட ஒரு கருவி வந்துவிட்டது என்றால், "பொம்புளப் புள்ளைகளுக்கு அது போதும்தானே" என்று சொல்வது நமக்குச் சுலபமாகிவிடும். போதாது. கருவி வாங்க வசதியுள்ள வீடுகள் குறைவு. தனி அறை உள்ள வீடுகள் அதை விடக் குறைவு. வெயிலும் வெளிக்காற்றும் ஓட ஒரு நீளமான இடமும் எந்தத் திரையிலும் கிடைக்காது.

ஊருக்கு ஊர் நம்மிடம் கட்டிடங்கள் இருக்கின்றன. பாடசாலை மண்டபம், மத்ரஸாவின் முற்றம், சனசமூக நிலையம். பின்னேரங்களில் அவற்றில் பல பூட்டிக் கிடக்கின்றன. வாரத்தில் மூன்று நாள், அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் ஒரு மணி நேரம், பெண்களுக்கென்று ஒதுக்கினால் என்ன செலவு வரும்? ஒரு திறப்பு, பொறுப்பாக ஒரு பெண், பத்து ஸ்கிப்பிங் கயிறு, சுவரில் ஒரு தாள். கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு மூலையில் ஒரு பாய். மைதானம் சுற்றுமதிலோடு இருக்கும் இடங்களில் காலையில் ஒரு நேரத்தை நடப்பதற்கு விடலாம். எந்தச் சபையும் தூக்க முடியாத சுமையல்ல இது. அடுத்த கூட்டத்தில் ஒரு தீர்மானமாக எடுத்தால் போதும்.

அது வரும் வரைக்கும், திரைச்சீலையை இழுத்துவிட்டுக் குத்துச்சண்டை ஆடும் பிள்ளையை யாரும் ஏச வேண்டாம். அவள் சும்மா நேரம் போக்கவில்லை.